பகான் கல்லும் பாட்டியின் கல்லறையும்



சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை நம் வாலிபர் கூடுகையில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் சபை அண்ணன் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது வி.ஆர். கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மின்சாரம் போவதற்குள் எல்லோரும் பார்த்துவிட வேண்டும் என்று வரிசையில் நின்றோம். கண்ணாடியை மாட்டியதும் மிங்கலா தாங்ஞுன்ட் மறைந்தது. பகானின் பழைய செங்கல் மடம் ஒன்றின் உள்ளே நின்றோம். தலையைத் திருப்பினால் சுவர் ஓவியங்கள், நிமிர்ந்தால் வளைவான கூரை. ஒரு தம்பி சுவரைத் தொடக் கையை நீட்டி, பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தட்டிவிட்டான்.

ஆராதனைக்குப் பின் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஓய்ந்ததும் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். அவருடைய அப்பாவின் கல்லறைக் கல்.

"தம்பி, அங்கே தூரத்தில இருக்கிற சுவரெல்லாம் இதுல தெரியுதுங்கறீங்க. எங்க அப்பா கல்லுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்கப்பா. எனக்குக் கண்ணு தெரியல."

போட்டோ கைக்குக் கை மாறியது. கல் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் தலை குனிந்ததற்குக் காரணம் அது அல்ல. நாம் தமிழ் பேசுகிறோம், தமிழில் பாடுகிறோம். பாட்டுகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறோம். கல்லில் இருந்தது தமிழ் எழுத்து.

அந்தப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினோம். பழைய பொருள்களை ஆராய வி.ஆர். எப்படி உதவுகிறது, அது எதைச் செய்யாது என்பதை, நம் நாட்டிலேயே நடந்தவற்றைக் கொண்டு பார்ப்போம்.

மடம் கண்ணாடிக்குள் வந்த கதை

நாம் கண்ட மடத்தின் பெயர் ஆனந்தா ஓக் சௌங். பகானில் புகழ்பெற்ற ஆனந்தா கோயிலின் பக்கத்தில் இருக்கிறது. 'ஓக்' என்றால் செங்கல், 'சௌங்' என்றால் மடம். உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2016 ஆகஸ்டு 24 அன்று மத்திய மியன்மாரை 6.8 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. பகானில் ஏறக்குறைய 400 கோயில்களும் பகோடாக்களும் சேதமடைந்தன. 1183ஆம் ஆண்டில் கட்டப்பட்ட சூலாமணி கோயிலின் உச்சி சரிந்தது. 1975 ஜூலையில் வந்த நிலநடுக்கத்தையும் சேர்த்தால், ஒரு மனித ஆயுளுக்குள் பகான் இரண்டு முறை பெரிய அடி வாங்கியிருக்கிறது.

ஆனால் அந்த நிலநடுக்கத்துக்கு முன்பே ஆனந்தா ஓக் சௌங்கை ஒரு குழு அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தது. அதன் பெயர் சையார்க். ஈராக்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர் பென் காசிரா 2003இல் தொடங்கிய தொண்டு நிறுவனம் அது. 2001இல் ஆப்கானிஸ்தானின் பாமியான் பெருஞ்சிலைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டதைக் கண்டு, உலகின் பழைய இடங்கள் அழிவதற்கு முன் அளந்துவிட வேண்டும் என்று அவர் முனைந்தார். அவருடைய குழு நிலநடுக்கத்துக்குப் பின்பும் பகானுக்கு வந்து அளந்தது. அந்த மடத்தின் உருவத்தை 2018இல் கூகுள் நிறுவனத்தோடு சேர்ந்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது.

அளப்பது எப்படி? இரண்டு வழிகளைச் சேர்த்துச் செய்கிறார்கள். முதலாவது லேசர். முக்காலியில் வைத்த கருவி சுழன்றுகொண்டே ஒளிக்கதிரை வீசும். கதிர் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் என்று கணக்கிடும். இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து சுவரின் வடிவம் ஆகின்றன. இரண்டாவது, சாதாரண போட்டோ. ஒரே சுவரைப் பல இடங்களில் நின்று, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் எடுப்பார்கள். எல்லாப் படங்களிலும் வரும் ஒரே புள்ளிகளைக் கணினி கண்டுபிடித்து, நிறத்தோடு முப்பரிமாண உருவத்தை அமைக்கும். இந்த உருவத்தை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டி, தலை திரும்பும்போது காட்சியும் திரும்பும்படி செய்வதுதான் வி.ஆர். கண்ணாடியின் வேலை.

நமக்கு இது வேடிக்கை. ஆராய்ச்சியாளருக்கு வேலைக்கான கருவி. சாரம் கட்டாமல் கூரை ஓவியத்தின் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தொட்டால் உதிரும் சுண்ணாம்புப் பூச்சைத் தொடாமலே அளக்கலாம். முன்பு அளந்ததையும் பின்பு அளந்ததையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எந்தச் சுவர் எவ்வளவு சாய்ந்தது என்று தெரியும். இரண்டு நாட்டு மியூசியங்களில் பிரிந்து கிடக்கும் ஒரே சிலையின் துண்டுகளைக் கண்முன் பொருத்திப் பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸமானி குழுவும் 2017, 2018ஆம் ஆண்டுகளில் பகானுக்கு வந்து கோயில்களை இவ்விதமாக அளந்தது. 2019 ஜூலையில் பகான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, அங்கே கணக்கில் இருந்த நினைவுச் சின்னங்கள் 3,595. அத்தனையையும் அளந்து முடிப்பது ஒரு குழுவின் வேலையா?

அளந்து வைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலே, சகாயிங், இன்வா பகுதிகளில் என்னென்ன இடிந்தன என்று நம் உறவினர்களே சொன்னார்கள். நிலநடுக்கம்கூட வேண்டாம், நெருப்பு போதும். 2010 மே 24 அன்று நம் மிங்கலா ஜே எரிந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். காலையில் இருந்தது மாலையில் இல்லை.

திறக்காமல் வாசித்த சுருள்

வேதப் பாட வகுப்புக்குப் பயன்படும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சவக்கடலின் மேற்குக் கரையில் எங்கேதி என்ற இடம் இருக்கிறது. சவுலுக்குத் தப்பி ஓடிய தாவீது ஒளிந்திருந்த இடமாக வேதத்தில் வாசிக்கிறோம். அங்கே பழைய ஜெப ஆலயம் ஒன்றைத் தோண்டியபோது, 1970இல், எரிந்து கரியான ஒரு தோல் சுருள் கிடைத்தது. பார்ப்பதற்கு அடுப்புக்கரித் துண்டு போல இருந்தது. விரித்தால் பொடியாகிவிடும். ஆகவே 40 ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதை விரிக்கவில்லை.

பிறகு அதை ஆஸ்பத்திரியில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் போன்ற, ஆனால் மிக நுட்பமான எக்ஸ்ரே கருவியில் வைத்தார்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸும் அவர் குழுவினரும் சுருளின் ஒவ்வொரு சுற்றையும் கணினியில் பிரித்து, தட்டையாக விரித்தார்கள். மை இருந்த இடங்கள் தனியாகப் பளிச்சிட்டன. 2015இல் முதல் எழுத்துகள் தெரிந்தன. 2016இல் விவரம் முழுவதும் வெளியானது. அது லேவியராகமத்தின் தொடக்கப் பகுதி.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். கணினி செய்தது விரிப்பதை மட்டுமே. விரித்துக் கொடுத்த வரிகள் எபிரேய எழுத்தை வாசிக்கத் தெரிந்த அறிஞர்களின் கைக்குப் போன பிறகுதான், அவை லேவியராகமம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. எபிரேயம் வாசிப்பவர் ஒருவரும் மிஞ்சாமல் போயிருந்தால், அந்தச் சுருள் விரிந்தும் மூடியே இருந்திருக்கும்.

பகானில் ஒரு தமிழ்க் கல்

பகானில் தமிழ் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பகானுக்குத் தெற்கே மியின்பகான் என்ற ஊரில் கிடைத்த ஒரு கல்வெட்டைப் பற்றிச் சொல்கிறோம். ஜெர்மானிய அறிஞர் ஹூல்ட்ஸ், 'எபிகிராபியா இண்டிகா' என்ற கல்வெட்டு இதழின் 7ஆம் தொகுதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை வாசித்து வெளியிட்டார். எழுத்தின் அமைப்பைக் கொண்டு அது 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்தார்.

கல்லின் தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருத சுலோகம் இருக்கிறது. அதன்பின் வருவது தமிழ் உரைநடை. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்னும் ஊரில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் அமைத்து, அணையாமல் எரிய ஒரு விளக்கும் கொடுத்தார் என்பது செய்தி. புக்கம் என்பது பகான். நானாதேசிகள் என்பவர்கள் பல நாடுகளுக்கும் போய் வாணிகம் செய்தவர்கள். மலைமண்டலம் என்பது இன்றைய கேரளம். மகோதயர்பட்டணம் கொடுங்கல்லூர்ப் பக்கம். அப்போஸ்தலனாகிய தோமா வந்து இறங்கியதாக இந்தியக் கிறிஸ்தவர்கள் பரம்பரையாகச் சொல்லும் கரையும் அதுதான்.

அந்தக் கோயில் நம் வழிபாட்டுக்குரியது அல்ல. ஆனால் அந்தக் கல் நம் வரலாற்றுக்குரியது. நாம் இந்த நாட்டுக்கு வெள்ளைக்காரன் கப்பலில் கூலிகளாகத்தான் முதன்முதலில் வந்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். நாமும் அப்படியே நம்பிவிடுகிறோம். அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐராவதிக் கரையில் தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்ட ஒருவர் இருந்தார், அதை வாசிக்கச் சிலர் இருந்தார்கள். வாசிக்க ஆள் இல்லாத ஊரில் எதற்குக் கல்லில் எழுத வேண்டும்?

ஹூல்ட்ஸ் காலத்தில் லேசர் கிடையாது. கல்வெட்டின்மேல் ஈரத்தாளை வைத்து, பிரஷால் தட்டி, மை ஒற்றிப் படி எடுப்பார்கள். அந்தத் தாளைச் சுருட்டிக் கடல் கடந்த ஊருக்கு அனுப்பினால், கல்லைக் காணாதவரும் உட்கார்ந்து வாசிக்கலாம். யோசித்துப் பார்த்தால் அதுவும் நம் வி.ஆர். கண்ணாடிக்கு ஒரு தாத்தாதான். கருவி மாறிவிட்டது. வாசிப்பவரின் வேலை மாறவில்லை.

நான்கு முகக் கல்லின் எச்சரிப்பு

பகானின் மியசேதி கல்வெட்டை நாம் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். சான்சித்தா மன்னரின் மகன் இராஜகுமார், 1113ஆம் ஆண்டளவில், சாகும் தருவாயில் இருந்த தன் தகப்பனுக்காகச் செய்த தானத்தை நான்கு முகங்களில் நான்கு மொழிகளில் எழுதிவைத்தான்: பாலி, மோன், பர்மியம், பியூ. யுனெஸ்கோ 2015இல் அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நான்கில் மூன்றை வாசிக்க ஆட்கள் இருந்தார்கள். நான்காவதான பியூ, பேசுவோர் இல்லாமல் மறைந்துபோன மொழி. ஒரு காலத்தில் ஸ்ரீக்ஷேத்ரா, ஹாலின், பெய்க்தனோ என்று பெரிய நகரங்களைக் கட்டியவர்களின் மொழி அது. 1911இல் ஆங்கில அறிஞர் பிளாக்டன் மற்ற மூன்று முகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர்களை அடையாளம் கண்டு, பியூ எழுத்தை மெல்ல மெல்ல வாசிக்கத் தொடங்கினார். நூறாண்டுக்கு மேல் ஆகியும் அந்த மொழியின் எல்லாச் சொற்களும் விளங்கிவிடவில்லை.

அண்மையில் பியூ கல்வெட்டுகளை ஆராய்ந்தவர்கள் ஒரு புது முறையைக் கையாண்டார்கள். கேமராவை அசையாமல் வைத்துவிட்டு, விளக்கை மட்டும் பல திசைகளில் நகர்த்தி, திசைக்கு ஒன்றாகப் படம் எடுப்பார்கள். கணினி எல்லாவற்றையும் சேர்த்துவிடும். பின்பு திரையில் நாம் விரும்பிய பக்கத்திலிருந்து வெளிச்சத்தைப் பாய்ச்சலாம். நேர் வெளிச்சத்தில் தெரியாத தேய்ந்த எழுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். 2001இல் டாம் மால்ஸ்பெண்டர் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் எச்.பி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய முறை இது.

பியூ மக்களும் தங்கள் மொழி ஒருநாள் இப்படி ஆகும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஒரே நாளில் ஒரு மொழி மறைவதில்லை. ஒரு தலைமுறை வாசிப்பதை விடுகிறது. அடுத்த தலைமுறை பேசுவதைக் குறைக்கிறது. அதற்கடுத்த தலைமுறைக்குக் கல் வெறும் கல் ஆகிவிடுகிறது.

பாட்டியின் கல்

இவ்வளவும் படித்த பிறகு நாம் நான்கு பேர் பாட்டியின் அப்பா கல்லறைக்குப் போனோம். புல்லை ஒதுக்கினோம். மென்மையான பிரஷும் வெறும் தண்ணீரும் கொண்டு பாசியைத் துடைத்தோம். பொழுது சாய்ந்ததும் போனை ஒரு செங்கல்மேல் அசையாமல் நிறுத்தி, டார்ச்சை இடப்பக்கம், வலப்பக்கம், மேல், கீழ் என்று கல்லோடு ஒட்டியபடி சாய்த்துப் பிடித்து, படம் படமாக எடுத்தோம்.

அந்தப் படங்களை நம் சபையின் மூத்த ஐயா ஒருவரிடம் கொண்டுபோனோம். எண்பது வயதைக் கடந்தவர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். பெயர் வந்தது. இறந்த ஆண்டு வந்தது. மூன்றாவது வரியில் இடப்பக்க வெளிச்சத்தில் 'தரங்' என்று தெரிந்தது. கீழிருந்து பிடித்த படத்தில் 'பாடி' என்று தெரிந்தது. ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"தரங்கம்பாடி. புதிய ஏற்பாடு முதன்முதல்ல தமிழ்ல அச்சான ஊருப்பா. சீகன்பால்கு ஐயர் இருந்த ஊர்."

1715இல் அங்கே அச்சான அந்தப் புத்தகத்தைப் பற்றிப் படித்திருக்கிறோம். ஆனால் நம் சபையில் ஒரு குடும்பம் அந்த ஊரிலிருந்து வந்தது என்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது. பாட்டிக்கும் தெரியாது. அப்பா எப்போதும் "நம்ம ஊரு" என்றுதான் சொல்வாராம். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும் முன்பே அவர் இறந்துவிட்டார். எழுபது ஆண்டுகளாக அந்தக் கல் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்காவது வரி இன்னும் பிடிபடவில்லை. ஐயா, "வெயில் காலத்துல இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

நமக்குச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்தது. படம் எடுக்க நம்மில் இருபது பேர் உண்டு. தேய்ந்த தமிழ் எழுத்தை வாசிக்க அந்த ஐயா ஒருவர்தான் இருக்கிறார்.

நாம் செய்யக்கூடியது

விலை உயர்ந்த கருவி நமக்கு வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிறப்பும் இறப்பும் எழுதியிருக்கிறதா பாருங்கள். தாத்தாவின் கல்லறை, சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு, கோயில் மணியில் வெட்டிய எழுத்து, பழைய குடும்பப் படத்தின் பின்பக்கம் ஆகிய எல்லாவற்றையும் எடுக்கலாம். பதிவேட்டை எடுக்கும் முன் போதகர் ஐயாவிடமும், குடும்பப் பொருளை எடுக்கும் முன் அந்தக் குடும்பத்தாரிடமும் அனுமதி கேளுங்கள்.

கல்லை முப்பரிமாணமாகப் பதிய வேண்டுமானால், மேகம் மூடிய பகலில் அதைச் சுற்றி நடந்துகொண்டே, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் பாதிக்கு மேல் வரும்படி எடுங்கள். எழுத்தை வாசிக்க வேண்டுமானால் காலை வெயிலோ மாலை வெயிலோ டார்ச்சோ பக்கவாட்டில் படட்டும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் எதையும் பயன்படுத்தாதீர்கள். எழுத்துக்குள் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். ஒரு நிமிடம் நன்றாகத் தெரியும், கல் கெட்டுப்போகும். படம் எடுத்த இடம், தேதி, யாருடைய கல், அதில் என்ன வாசித்தோம் என்பதைக் கூடவே எழுதுங்கள். பெயரில்லாத படம் பத்து ஆண்டில் யாருக்கும் விளங்காது. ஒரே போனில் வைக்காமல் மூன்று இடங்களில் வையுங்கள்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று. வருகிற மாதம் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரை மணி நேரம், அந்த ஐயா நமக்குத் தமிழ் எழுத்து வாசிக்கச் சொல்லித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அச்சு எழுத்தில் தொடங்கி, பழைய பதிவேடுகளின் கையெழுத்துக்குப் போய், பிறகு கல்லுக்குப் போவோம் என்கிறார். நோட்டும் பென்சிலும் போதும்.

யோர்தானைக் கடந்த ஜனங்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து நிறுத்தியதை யோசுவா புத்தகத்தில் வாசிக்கிறோம். பிற்காலத்தில் பிள்ளைகள் அந்தக் கற்கள் ஏன் என்று கேட்பார்கள், தகப்பன்மார் பதில் சொல்வார்கள் என்பதே ஏற்பாடு. கல் மட்டும் போதும் என்று யோசுவா நினைக்கவில்லை. கேட்கிற பிள்ளையும் சொல்லுகிற தகப்பனும் சேர்ந்தே அந்த ஏற்பாட்டில் இருந்தார்கள்.

நம் சபையில் சொல்லுகிறவர் இன்னும் இருக்கிறார். கேட்க நாம் போவோம். பாட்டி அந்த நான்காவது வரிக்காகக் காத்திருக்கிறார்.